பண்ணைக் கடலுக்குள் இறங்கும் சாக்கடை: புதிய சபைகளிடம் எதைக் கேட்பது?

குருநகரான்

யாழ்ப்பாணத்து உள்ளூராட்சி சபைகளுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பிறகு ஆணையாளர்மாரும் செயலாளர்மாரும்தான் சபைகளை நடத்தினார்கள். "ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது" என்று நாங்களும் சாட்டுச் சொல்லிக்கொண்டு இருந்தோம். 2025 மே 6 தேர்தலோடு அந்தச் சாட்டு முடிந்தது. எங்கள் வட்டாரத்து உறுப்பினரும் "என்ன வேணும் எண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டிருக்கிறார். அதற்காகத்தான் இந்த இழை.

விசயம் இதுதான். ஆவணி மாதம், மழை கண்டு எவ்வளவோ நாள். ஆனால் குருநகர் ரெக்கிளமேசன் பக்கம் பண்ணைக் கடலுக்கு இறங்கும் வெள்ள வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சாம்பல் நிறம், மேலே சவர்க்கார நுரை. வாய்க்கால் முடிகிற இடத்தில் சேறு தார் மாதிரிக் கறுப்பு. தடியால் கிண்டினால் குமிழி வந்து அழுகின முட்டை மணம் அடிக்கும். அதற்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் இறால் பிடிக்கிறார்கள்.

வெள்ளமே இல்லாத மாதத்தில் வெள்ள வாய்க்காலில் ஓடுவது என்ன? கடைகளின் பின்பக்கத்தால் வாய்க்கால் மூடிக்குக் கீழே நுழைகிற நாலு அங்குல பீவீசி குழாய்களைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

சபையிடம் எதைக் கேட்கலாம்? "மாநகரம் முழுக்கக் கழிவுநீர்க் குழாய் போடு" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். எனக்கென்றால் அது எங்கள் காலத்தில் நடக்கும் என்று நம்பிக்கை இல்லை. உங்கள் எண்ணம் என்ன?

தேம்ஸ்கரையான்

நான் இருக்கிற இங்கிலாந்திலும் இப்போது இதுதான் பெரிய சண்டை. இங்கே பழைய நகரங்களில் மழைநீரும் மலசலகூடக் கழிவும் ஒரே குழாயில் போகும். கனமழை வந்தால் சுத்திகரிப்பு நிலையம் தாங்காது என்று ஆற்றிலோ கடலிலோ திறந்து விடுவார்கள். 2023இல் இங்கிலாந்தில் மட்டும் இப்படித் திறந்து விட்ட நேரத்தைக் கூட்டினால் 36 லட்சம் மணித்தியாலம் வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டு அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. சதர்ன் வோட்டர் கம்பனிக்கு 2021 யூலையில் நீதிமன்றம் 9 கோடி பவுண் தண்டம் போட்டது. கென்ட், சசெக்ஸ், ஹாம்ப்ஷயர் கரையோரத்தில் பல ஆண்டுகள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விட்டதற்காக.

உள்ளூர் சபைகளும் சும்மா இருக்கவில்லை. கிழக்கு சசெக்ஸில் லூயிஸ் மாவட்ட சபை 2023 பெப்ரவரியில் ஊஸ் ஆற்றுக்கு உரிமைகள் உண்டு என்பதை ஏற்று, அதற்கு ஒரு சாசனம் எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்டது. யாழ் கடல்நீரேரிக்கும் அப்படி ஒரு தீர்மானத்தை எங்கள் சபைகள் எல்லாம் சேர்ந்து போட்டால் உலகமே திரும்பிப் பார்க்கும் என்று நினைக்கிறேன்.

நல்லூர்வாசி

//உலகமே திரும்பிப் பார்க்கும்//

உலகம் பார்த்து என்ன செய்ய அண்ணை, மலக்குழி உறிஞ்சுகிற பவுசர்க்காரன் பார்த்தால் போதும். எங்கள் சபைகளில் தீர்மானத்துக்கா பஞ்சம்?

கட்டடக்காரன்

படம் கீறிக் கட்டட அனுமதி எடுத்துக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறேன். வெளியே தெரியாத பக்கத்தைச் சொல்கிறேன்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி விடவேண்டும் என்று பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மார் சொல்வார்கள். 2 பரப்புக் காணி கிட்டத்தட்ட 5,400 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடி. அதற்குள் வீடு, கிணறு, குழி, வாகனம் விட இடம். சரி, உங்கள் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளிக் குழியை மூலையில் வைத்துவிட்டீர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது? படத்தில் அது வராது. நாவாந்துறை, குருநகர், பாசையூர் பக்கம் ஒரு பரப்புக்கும் குறைந்த துண்டுகள். அங்கே 50 அடி என்பது பேச்சுக்கு மட்டும்தான்.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. படத்தில் இரண்டு அறை உள்ள தொட்டி, அடித்தளம் கொங்கிறீற், பிறகு ஊறுகுழி என்று கீறிக் கொடுப்போம். கட்டும்போது மேசனிடம் வீட்டுக்காரர் சொல்வது: "அடியைப் பூசாமல் விடு, கெதியா நிரம்பாது." பிறகு கலியாண வீட்டில் பெருமை வேறு: "எங்கட குழி கட்டி இருபது வருசம், ஒருநாளும் பவுசர் கூப்பிடேல்லை." இருபது வருசமாக எங்கே போனது என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. மண் படை மெல்லிசாக இருக்கும் இடத்தில் வடிகட்ட ஒன்றும் இல்லை. நேரே கீழே போகும்.

வீடு கட்டி முடிந்து சான்றிதழ் கொடுக்கும் நேரத்தில் குழி மூடியைத் திறந்து அடியைப் பார்க்கும் அதிகாரியை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். பார்க்கிற நேரத்தில் மூடி போட்டு மேலே மண்ணும் போட்டாயிற்று, குரோட்டன் கூட நட்டாயிற்று.

வலிகாமத்தான்

எல்லாவற்றையும் மலசலகூடத்தின் தலையில் கட்டாதீர்கள். கிணறுகளில் நைத்திரேற்று கூடினதற்குக் காரணம் தோட்டம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் நாங்கள் கொட்டின யூரியா கொஞ்சமா? செம்மண், கீழே சுண்ணாம்புக்கல், இரண்டு நாளைக்கு ஒருக்கால் இறைப்பு. போட்டதில் பாதி தண்ணீரோடு கீழே. நான் தோட்டக்காரன், எனக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ

வலிகாமத்தான் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. தோட்டப் பகுதியில் நைத்திரேற்றுக்குப் பெரிய காரணம் உரம்தான். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தில் அதைத் தாண்டின கிணறுகள் நிறைய. ஆனால் யூரியா மூடையிலிருந்து ஈ.கோலை கிருமி வராது, தம்பி. ஈ.கோலை இருந்தால் அது குடலிலிருந்து வந்தது, மனிதனுடையதோ மாட்டினுடையதோ. தோட்டமே இல்லாத நகரக் கிணறுகளில் அது வந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சனம் "கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறம்" என்று சொல்லும். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகளில் இதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இனி இழையின் கேள்விக்கு வருகிறேன். ஆற்றில் கழிவு கலக்கிறது என்று மற்ற ஊர்க்காரர் பேசும்போது கண் முன்னால் ஒரு ஆறு இருக்கும், அதில் வந்து விழும் குழாயும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் பேருக்குச் சொல்ல வழுக்கையாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும். எங்கள் தண்ணீர் நிலத்துக்கு அடியில்தான் நகர்கிறது. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்தில் நன்னீர் ஊறுகிறதே, அது வேறு என்ன? நிலத்தடி நீர் கடலுக்குப் போகிற வழியில் வெளியே தலை காட்டுகிறது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக் குழியும் கடைசியில் கடலுக்குத்தான் திறந்திருக்கிறது. குழாய் கண்ணுக்குத் தெரியாதது மட்டும்தான் வித்தியாசம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பண்ணைக் கரையில் நின்று பார்த்தால் தெரிவது வாய்க்கால் மட்டும். அதை அடைத்தால் படம் எடுக்க நன்றாக இருக்கும். அடைத்தவன் அந்தக் குழாயை அடுத்த நாள் கொல்லையில் ஒரு பள்ளத்துக்குள் திருப்புவான்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தொல்லைகள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் சிறு தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தை வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் கொடுக்கப்பட்டது. கட்டட அனுமதி சபையின் கையில். மலக்கழிவு அகற்றும் பவுசர் சபையின் கையில். குறை என்ன தெரியுமா? நாங்கள் வழக்குப் போடுவோம், கடைக்காரர் தண்டப்பணம் கட்டுவார், குழாய் அங்கேயே இருக்கும். தண்டம் அவருக்கு ஒரு செலவுக் கணக்கு. உரிமத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்தினால்தான் ஆள் ஓடி வருவார்.

விடுதிக்காரர்

எங்களையும் கொஞ்சம் கேளுங்கள். நான் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். குழி நிரம்பினால் சபை ஒன்றுக்குப் போய்க் காசு கட்டிப் பதிய வேண்டும். பவுசர் எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒருமுறை பழுது என்றார்கள், இன்னொரு முறை சாரதி லீவு. அதற்குள் அறையில் ஆட்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. அப்புறம் யாரோ ஒரு தனியார் பவுசர்க்காரரின் நம்பர் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு வருவார், உறிஞ்சுவார், காசு வாங்குவார், போவார். எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த முறை வரமாட்டார்.

எங்களுக்குத் தண்டம் போட முதல், சரியான வழியில் போகிறவனுக்குச் சேவை ஒழுங்காகக் கிடைக்கட்டும்.

அராலியூர்

//எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை//

ஐயா, எங்களைக் கேளுங்கள், நாங்கள் சொல்கிறோம். கல்லுண்டாய் வெளியால் இரவில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். மாநகரத்துக் குப்பை அங்கேதான் வருகிறது, அதற்காக அந்தப் பக்கத்து மக்கள் எத்தனை தரம் வீதிக்கு இறங்கினார்கள் என்று பேப்பர் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். குப்பை கண்ணுக்குத் தெரிகிறதால் சண்டை நடக்கிறது. பவுசர்த் தண்ணீர் உவர் நிலத்தில் ஊறிப் போய்விடும், விடிந்தால் ஈரம் மட்டும்தான். அந்த வெளிக்கு அடுத்தது கடல்நீரேரி. அங்கே மீன் பிடிக்கக் களங்கண்டி வலை கட்டுகிறவன் காலில் சொறி வந்தால் அவன்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், விடுதிக்காரர் இல்லை.

வழுக்கையாற்றைப் பற்றிப் பி.எச்.ஐ ஐயா ஒரு வரியில் முடித்துவிட்டார். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கமிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று குளம் குளமாக இறங்கி அராலியில் கடலுக்கு வருகிற ஆறு அது. வழியில் எத்தனை பிரதேச சபை எல்லை! மேலே ஒருவர் எல்லைக்குள் கொட்டினது கீழே எங்கள் எல்லைக்கு மிதந்து வரும். எங்கள் சபையைக் கேட்டால் "அது அங்கத்தையான் குப்பை". அங்கே கேட்டால் "ஆறு எண்டால் கமநல சேவைத் திணைக்களத்தைக் கேளுங்கோ". முதல் மாரி வெள்ளத்தில் கோடை முழுக்கச் சேர்ந்ததெல்லாம் ஒரே தள்ளாக வரும். அந்த வாரம் தடுப்பணைப் பக்கம் மீன் செத்து மிதக்கும்.

கிணற்றடி

ஒருவரும் சொல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. நல்ல விசயம், உவர்க் கிணற்றோடு மாரடித்த எங்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் குழாயில் வருகிற தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு கழிவுநீராக வெளியே போகும் என்றுதான் பொறியியலாளர்கள் கணக்குப் போடுவார்கள். வாளியால் அள்ளிக் குளித்த வீட்டில் இனி சவர், வோசிங் மெசின். அந்தத் தண்ணீர் எல்லாம் எந்தக் குழிக்குள்?

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி ஒப்புக்கொண்ட திட்டத்தின் பெயரே "யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர் வழங்கல் மற்றும் சுகாதாரத் திட்டம்". கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யார் கொடுப்பது, யார் எடுப்பது என்ற சண்டையில் காலம் போனது. தண்ணீர் ஒருவழியாக வந்துவிட்டது. சுகாதாரம் எங்கே என்று யாரும் அவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. கிணற்றைக் குடிக்கிறவரைக்கும் தான் குழியைப் பற்றிக் கவலை இருக்கும். குழாய்த் தண்ணீர் வந்த வீட்டில் அந்தக் கவலையும் போய்விடும்.

நல்லூர்வாசி

கிணற்றடி அக்கா கேட்டது சரியான கேள்வி. அப்படியென்றால் விடை கழிவுநீர்க் குழாய்த்தொகுதிதானே? கொழும்புக்கு வெள்ளைக்காரன் நூறு வருசத்துக்கு முதலே போட்டான்.

கட்டடக்காரன்

கொழும்பில் போட்டதன் மறுமுனை எங்கே என்று பாருங்கள் தம்பி: வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள். அங்கே ஆழக்கடல், அலை, நீரோட்டம். எங்களுக்கு முன்னால் இருப்பது முழங்காலளவுத் தண்ணீர். பண்ணைத் தாம்போதி (கடலுக்குக் குறுக்கே போட்ட வீதி) வேறு நடுவில் கிடக்கிறது, தண்ணீர் மாறுவதே கொஞ்சம். அதற்குள் குழாயை விட்டால் முடிந்தது கதை. சுத்திகரித்துத்தான் விடவேண்டும்.

யாழ்ப்பாணம் தட்டை நிலம். கழிவு தானாக ஓடச் சரிவு வேண்டும். சரிவு கொடுக்கக் கொடுக்கக் குழாய் ஆழம் போகும், ஆழம் போனால் கல்லும் தண்ணீரும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் பம்பி நிலையம். மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். செய்ய முடியாதது என்று சொல்லவில்லை. நகர மத்தி, குருநகர், நாவாந்துறை மாதிரி நெருக்கமான இடங்களுக்கு ஒரு நாள் அது வந்தே ஆகவேண்டும், அங்கே குழிக்கு இடமே இல்லை. மற்ற இடத்துக்கு ஒழுங்காகக் கட்டின தொட்டியும் ஒழுங்காக வருகிற பவுசரும் போதும். அதற்குக் கடன் எடுக்கத் தேவையில்லை.

தேம்ஸ்கரையான்

இப்போது ஒரு விசயம் எனக்குப் பிடிபடுகிறது. இங்கே சாக்கடை 1974 வரைக்கும் உள்ளூர் சபைகளிடம்தான் இருந்தது. பிறகு பிராந்திய நீர் அதிகாரசபைகளுக்குப் போய், 1989இல் கம்பனிகளுக்கு விற்கப்பட்டது. அதனால் லூயிஸ் சபை நினைத்தாலும் ஒரு குழாயை மூட முடியாது. தீர்மானம் போடுவதைத் தவிர அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்தத் தீர்மானத்துக்கு அவ்வளவு மதிப்பு. உங்கள் சபைகளிடம் பவுசரும் அனுமதியும் உரிமமும் இருக்கின்றன. நல்லூர்வாசி தம்பி நக்கலாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இங்கிருந்து எடுக்கக்கூடியது ஒன்று உண்டு: அளவீடு. குளிக்கிற இடம் என்று அறிவித்த கரைகளில் கோடை முழுக்க மாதிரி எடுத்து, முடிவை அங்கேயே பலகையில் போடுகிறார்கள். யோர்க்சயரில் இல்க்லி என்ற சின்ன ஊர்ச் சனம் தாங்களாகவே ஆற்றுத் தண்ணீரைச் சோதித்துச் சத்தம் போட்டு, 2020 டிசெம்பரில் வார்ப் ஆற்றின் ஒரு துண்டைக் குளிக்கும் இடமாக அறிவிக்க வைத்தார்கள். இங்கிலாந்தில் ஒரு ஆற்றுக்கு அது முதல்முறை. அதனால் தண்ணீர் உடனே சுத்தமாகவில்லை. ஆனால் அழுக்கு என்பதை ஒருவரும் மறைக்க முடியாமல் போனது.

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ

நல்ல யோசனை. மாதிரி எடுப்பது பெரிய வித்தை இல்லை. கிருமி நீக்கின போத்தல், ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி, அன்றைக்கே ஆய்வுகூடம். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் நல்ல வேலை.

வாய்க்காலுக்கு நான் சொல்கிற வழி இன்னும் லேசு. ஆடி, ஆவணியில் வாய்க்கால் வழியே நடந்து போங்கள். ஈரமாக இருக்கிற ஒவ்வொரு குழாய் வாயும் சட்டவிரோதம்தான், அந்த மாதத்தில் மழைநீர் என்று சாக்குச் சொல்ல முடியாது. சந்தேகமான கடை என்றால் பி.எச்.ஐ போய் மலசலகூடத்தில் சாயத்தை ஊற்றித் தண்ணீர் அடித்துவிட்டு வெளியே நிற்கலாம். கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் பச்சை வந்தால் வாதாட ஒன்றுமில்லை. மாரி தொடங்கிவிட்டால் இந்த வேலை அடுத்த வருசம்தான்.

குருநகரான்

உறுப்பினருக்குக் கொடுக்க இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

சபையின் பவுசர் ஒவ்வொரு சுமையையும் எங்கே ஏற்றி எங்கே இறக்கியது என்ற பதிவை மாதாமாதம் சபையின் விளம்பரப் பலகையில் போடவேண்டும். தனியார் பவுசர்களைப் பதிந்து, அவற்றுக்கும் அதே விதி. பதியாத பவுசரைக் கூப்பிட்டால் கூப்பிட்டவருக்கும் பொறுப்பு. புதுக் கட்டடத்தில் குழி மூட முதல் அடித்தளத்தைப் படம் எடுத்துக் கோவையில் வைத்தால்தான் சான்றிதழ். ஆவணிக்குள் வாய்க்கால் நடை. ஈரக் குழாய் உள்ள கடைக்கு அடுத்த ஆண்டு உரிமம் இல்லை.

இதோடு 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் தனியாகப் போடுகிறேன்: கடந்த ஆண்டு எத்தனை பவுசர் சுமை, எந்த இடத்தில் கொட்டப்பட்டது, யார் அனுமதித்தது. 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

விடுதிக்காரர்

//கூப்பிட்டவருக்கும் பொறுப்பு//

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிந்து இத்தனை நாளுக்குள் பவுசர் வரும் என்ற உத்தரவாதத்தையும் அதே கடிதத்தில் போடுங்கள். இல்லையென்றால் நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

குருநகரான்

போட்டாச்சு. எத்தனை நாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

விடுதிக்காரர்

மூன்று.

அராலியூர்

மாநகர சபைக்கு மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். நகரத்தில் இறுக்கினால் பவுசர் எங்கள் பக்கம்தான் திரும்பும். வலிகாமம் தென்மேற்கு, வலிகாமம் மேற்கு, நல்லூர் சபைகளுக்கும் அதே கேள்வியோடு ஒவ்வொரு விண்ணப்பம் போகவேண்டும். மேற்குக்கு நான் போடுகிறேன். தென்மேற்குக்கும் நல்லூருக்கும் யார்?

நல்லூர்வாசி

நல்லூர் என்னிடம். விண்ணப்பப் படிவத்தை இங்கே ஏற்றிவிடுங்கோ அண்ணை, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தென்மேற்குக்கு ஆள் இன்னும் வேண்டும்.